தேடலில் அகப்படாத மலேசியத் தமிழ்: கணினிக் கருவிகளும் பொதுமக்கள் பங்கேற்பும் ஆய்வுலகில் விளைத்துவரும் மாற்றங்கள்

முன்னுரை

அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வினை மேற்கொண்டிருந்த காலத்தில் நமக்கு ஏற்பட்ட பட்டறிவு ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாகும். சங்க நூல்களில் ஒரு சொல் எவ்வெவ்விடங்களில் பயின்று வந்துள்ளது என்பதை அங்கு நம் அறையில் அமர்ந்தவாறே சில நொடிகளில் கணினியின்வழி அறிய முடிந்தது. ஆனால், 1950களில் மலாயாவில் அச்சேறிய சிறுகதை ஒன்றைப் படிக்க விடுமுறைக் காலத்தில் கோலாலம்பூருக்குத் திரும்பி, நூலக அடுக்குகளில் பல நாள்கள் தேட வேண்டியிருந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் கைக்கெட்டும் தொலைவிலும், நம் பாட்டனார் காலத்துத் தமிழ் எட்டாத தொலைவிலும் இருந்தமை வியப்பளித்தது.

இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று. சங்க நூல்களைத் தட்டச்சிடவும் மெய்ப்புப் பார்க்கவும் உலகெங்கும் ஆர்வலர் முன்வந்தனர். மலேசியத் தமிழ் எழுத்துகளுக்கு அத்தகைய உழைப்பு அதே அளவில் வாய்க்கவில்லை. கணினிக் கருவிகளும் பொதுமக்கள் பங்கேற்பும் இன்றைய ஆய்வு முறையினை எவ்வாறு மாற்றியுள்ளன என்பதையும், அம்மாற்றத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழாசிரியர்கள் ஆற்றக்கூடிய பணி யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுமக்கள் துணை: பழைய மரபு

ஆய்வில் பொதுமக்கள் பங்கேற்பது இணையத்தோடு பிறந்த புதுவழக்கம் எனக் கருதுவோர் உளர். வரலாறு வேறாக உள்ளது. 1879ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே, ஆங்கிலம் படிக்கும் பொதுமக்கள் தாம் படிக்கும் நூல்களிலிருந்து சொற்களையும் அவை இடம்பெறும் தொடர்களையும் தாள்துண்டுகளில் எழுதி அனுப்புமாறு வேண்டுகோள் விடுத்தார். அஞ்சலில் வந்து குவிந்த இலக்கக்கணக்கான அத்தாள்துண்டுகளே அவ்வகராதியின் அடித்தளம்.

தமிழிலும் இதற்கு ஒப்பான நிலை இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் அதன்பின்னரும் மடங்களிலும் தனியார் இல்லங்களிலும் ஏடு தேடி அலைந்தார். தம் இல்லத்துப் பரணிலிருந்த சுவடியை எடுத்துக் கொடுத்த பெயர் அறியப்படாத குடும்பத்தார் பலரும் அப்பதிப்புகளில் பங்காளிகளே ஆவர்.

நம் நாட்டிற்குரிய சான்றுகளும் உள. 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய சேவியர் தனிநாயகம் அடிகளார், 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தினார். அதே ஆண்டில் தமிழாய்வு நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டார். 1969ஆம் ஆண்டில் இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் நிரல்படுத்திய அப்பட்டியல், எவை இருந்தன என்பதை நமக்குக் காட்டுகிறது. அவற்றுள் எவை இன்றும் எஞ்சியுள்ளன என்னும் வினாவையும் அதுவே நம்முன் வைக்கிறது.

ஆகவே, ஆய்வாளர் பொதுமக்களை நாடுவது பழைய மரபேயாகும். அவ்வாறு திரட்டப்படுவனவற்றின் அளவு, அவை வந்து சேரும் விரைவு, அவற்றைச் சரிபார்க்கும் முறை ஆகிய மூன்றும்தாம் இன்று மாறியுள்ளன.

அறிவியலில் பொதுமக்கள் பங்கேற்பு

இம்மூன்று மாற்றங்களையும் அறிவியல் துறைகளில் தெளிவாகக் காணலாம். 2007ஆம் ஆண்டு சூலையில் ‘கேலக்சி சூ’ என்னும் வானியல் திட்டம் தொடங்கப்பெற்றது. தொலைநோக்கி எடுத்த ஏறத்தாழ ஒன்பது இலட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களை, அவை சுருள் வடிவினவா நீள்வட்ட வடிவினவா என வகைப்படுத்துமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். முதல் ஆண்டிலேயே 50 மில்லியனுக்கும் மேற்பட்ட வகைப்பாடுகள் கிடைத்தன.

இத்திட்டத்தின் செய்முறை நம் கவனத்திற்குரியது. ஒரு படம் ஒருவரிடம் மட்டும் காட்டப்படவில்லை. ஒருவரையொருவர் அறியாத பலரிடம் தனித்தனியே காட்டப்பட்டது. பலருடைய விடைகள் ஒன்றுபட்ட இடத்தில் முடிவு உறுதியாயிற்று. வேறுபட்ட இடத்தில் வல்லுநரின் பார்வை தேவைப்பட்டது. சுருள் மண்டலங்கள் சுழலும் திசையைப் பற்றிய விடைகளில் ஒருபக்கச் சாய்வு தென்பட்டபோது, ஆய்வாளர் படங்களைக் கண்ணாடியில் தோன்றுவதுபோல் இடவலமாகத் திருப்பி மீண்டும் காட்டினர். அப்போதும் விடைகள் அதே பக்கம் சாய்ந்தமையால், அச்சாய்வு வானத்தில் இல்லை, காண்போர் கண்ணில் உள்ளது என்பது புலனாயிற்று. பொதுமக்கள் தந்த தரவை ஏற்பதற்கும் ஒதுக்குவதற்கும் இடையே, சோதித்து ஏற்றல் என்னும் வழி உள்ளதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இத்திட்டத்தில் பங்கேற்ற ஹன்னி வான் ஆர்க்கெல் என்னும் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் வழக்கத்திற்கு மாறான ஒளித்திரள் ஒன்றைக் கண்டு அஃது யாதென வினவினார். அதுகாறும் எவரும் கருதிப் பாராத வான்பொருள் அது. இன்று அஃது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. கேட்கப்பட்ட வினாவுக்கு விடை தருவதோடு நில்லாமல் கேட்கப்படாத வினாவை எழுப்பியதே அவருடைய பங்களிப்பு. எந்தப் படிவத்திலும் இதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

‘ஃபோல்டிட்’ என்னும் கணினி விளையாட்டு இதற்கு மற்றொரு சான்றாகும். புரதங்களின் மடிப்பு வடிவத்தைப் புதிர்போல் அவிழ்க்கும் இவ்விளையாட்டு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அறிவியலாரால் அறியமுடியாதிருந்த, குரங்கு நச்சுயிரி ஒன்றின் நொதிக்குரிய வடிவ மாதிரியை 2011ஆம் ஆண்டில் விளையாட்டாளர்கள் மூன்று வாரங்களுக்குள் தந்தனர். தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பும் இவ்வகையினதே. பங்கேற்போர் குறைந்தது கால்மணி நேரம் ஓரிடத்தில் கண்ட பறவைகளை ‘இபேர்டு’ தளத்தில் பதிகின்றனர். அவ்விடத்திற்கோ பருவத்திற்கோ பொருந்தாத பறவையின் பெயர் பதியப்பட்டால் கருவி அதனைத் தனியே குறித்துவைக்கும். அவ்வட்டாரம் அறிந்த ஒருவர் அதனை ஆராய்ந்து முடிவு கூறுவார்.

தமிழாய்வில் கணினி

தமிழ் தொடர்பான ஆய்வில் கணினியின் வருகை பலர் எண்ணுவதைக் காட்டிலும் முற்பட்டது. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்கான தொடரடைவினை மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக் கணினியின் துணையோடு உருவாக்கி 1977ஆம் ஆண்டில் வெளியிட்டார். 417 குறியீடுகளை வகுத்து, அவை எவ்வெவ்வரிசையில் வருகின்றன என அந்நூல் அட்டவணைப்படுத்தியது. சிந்துவெளிக் குறியீடுகள் மொழியைக் குறிப்பனவே அல்ல என்னும் கருத்து 2004ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. குறியீட்டு வரிசைகள் மொழிக்குரிய ஒழுங்கினை ஒத்துள்ளன எனப் புள்ளியியல்வழி வாதிட்ட கட்டுரை 2009ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, மகாதேவனும் அதன் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார். அவருடைய தொடரடைவே அதற்குத் தரவாயிற்று. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும், இரு தரப்பாரும் எடுத்தாள்வதற்குரிய ஒழுங்கான தரவு இருப்பதனால்தான் அவ்வாதம் ஆய்வாக நடைபெறுகிறது.

சங்க இலக்கியத்திற்குத் தாமசு லேமன், தாமசு மால்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய சொல்லடைவு 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. முன்னர் ஒரு சொல்லின் வரலாற்றை எழுதப் புகுவோர், அட்டைகளில் குறிப்பெடுப்பதற்கே பல ஆண்டுகள் செலவிட்டனர். அவ்வுழைப்பினைக் கருவி ஏற்றுக்கொண்டபின், ஆய்வாளர் தம் காலத்தை விளக்கத்திற்குச் செலவிட இயன்றது.

மதுரைத் திட்டமும் கோலாலம்பூரும்

தமிழில் பொதுமக்கள் பங்கேற்பின் தலையாய எடுத்துக்காட்டு மதுரைத் திட்டமாகும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் இதனைத் தொடங்கினார். திருக்குறளை முதல் வெளியீடாகக் கொண்ட இத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் ஆர்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சிட்டனர். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். மின்னூல்களின் முகப்பில் தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் குறிக்கப்பெறும் வழக்கம் போற்றத்தக்கது. உழைத்தவருக்குரிய சிறப்பினைத் தருவதோடு, பிழை காணப்படின் அதன் தோற்றுவாயை அறியவும் இது வழிவகுக்கிறது.

இவ்வியக்கத்தில் கோலாலம்பூருக்கும் இடமுண்டு. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. மறு ஆண்டு ஆகத்தில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றபோது, ஓலைச்சுவடிகளையும் அரிய நூல்களையும் மின்வடிவில் காக்கும் நோக்குடைய தமிழ் மரபு அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. அதனை நிறுவிய இருவருள் ஒருவரான முனைவர் க. சுபாஷிணி பினாங்கில் பிறந்தவர்; மற்றவர் முனைவர் நா. கண்ணன். 2013ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடைபெற்றது.

கிள்ளானின் பங்கும் சிறிதன்று. தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருந்தொகுப்பினை 1997ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் மகனார் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு முதல் முரசு என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கி வளர்த்தார். பின்னாளில் முரசு அஞ்சலாகவும், 2005ஆம் ஆண்டில் கைப்பேசிக்குரிய செல்லினமாகவும் அம்முயற்சி விரிந்தது. தந்தையார் தரவினைத் திரட்ட, மகனார் கருவியினைச் செய்தார். ஆய்வுக்குத் தேவையான இரு கைகளும் ஒரே இல்லத்தில் இருந்தமை நமக்குரிய பெருமையாகும். ஆயினும், ஓராசிரியர் தம் வாழ்நாளைச் செலவிட்டுச் செய்த இப்பணியைத் தொடர ஒரு குழு அமைந்ததா என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

கருவி தடுமாறும் இடங்கள்

அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து எழுத்துகளாக மாற்றும் எழுத்துணரி இன்று எவர்க்கும் கிடைக்கிறது. எனவே, தட்டச்சிடும் உழைப்பும் மெய்ப்புப் பார்ப்போரின் துணையும் இனித் தேவையில்லை எனச் சிலர் எண்ணக்கூடும். கருவியின் இயல்பினை அறிந்தோர் அவ்வாறு கூறத் துணியார். அது தடுமாறும் இடங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, எழுத்துக் குறியீடு. ‘ஔவையார்’ என்னும் பெயரை ஔகார எழுத்தினைக் கொண்டு எழுதுவோர் உளர்; ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ எனத் தட்டச்சிடுவோரும் உளர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இவை கணினிக்கு வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. மேலும், ஒருங்குறி பரவுவதற்குமுன் நம் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் வெவ்வேறு எழுத்துருக்களில் உருவாக்கப்பட்ட கோப்புகள், அவ்வெழுத்துருக்கள் இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. தாளில் உள்ளது மட்டுமன்று, கணினியில் உள்ளதும் அழியும்.

இரண்டாவது, பழைய வரிவடிவம். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது. பின்னர் நம் நாடும் இவ்வடிவங்களை ஏற்றது. அதற்கு முன்னர் அச்சான இதழ்களிலெல்லாம் பழைய வடிவங்களே உள்ளன. புதிய வடிவில் பயின்ற எழுத்துணரி அவ்விடங்களில் வேறோர் எழுத்தினைப் படித்துவிடக்கூடும்.

மூன்றாவது, புணர்ச்சி. ‘பால்’ என்னும் சொல்லைக் கணினியில் தேடுவதாகக் கொள்வோம். தைப்பூசத்தைப் பற்றிய கட்டுரையிலுள்ள ‘பாற்குடம்’ அகப்படாது. லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. மாறாக, ‘ஆண்பால்’, ‘அறத்துப்பால்’, ‘அன்பால்’, ‘நட்பால்’ ஆகியன வந்து குவியும். தோட்டப்புற வாழ்வைக் கூறும் கதையில் வரும் ‘பால்’ இரப்பர் மரத்துப் பால் என்பதையும் தேடுபொறி அறியாது. நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் விளக்கும் செய்திகளே இவை.

நான்காவது, வட்டார வழக்கு. இங்கு நாம் நேரில் கண்ட ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கிள்ளானில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் பணியாற்றிய தோட்டப் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களைப் பிஸ்கட் டின் ஒன்றில் வைத்துக் காத்து வந்தார். அட்டைகளின் ஓரங்களைச் செல் அரித்திருந்தது. அவற்றுள் ஒன்றைப் படமெடுத்து எழுத்துணரியில் இட்டோம். தந்தையின் அன்றாட வாழ்வைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையில் ‘பெரட்டு’ என்னும் சொல் இருந்தது. எழுத்துணரி அதனைச் சரியாகவே படித்தது. ஆனால், பின்னர்ச் சரிபார்த்த இளைஞர் ஒருவர் பிழையெனக் கருதி அதனைப் ‘புரட்டு’ எனத் திருத்திவிட்டார். விடியுமுன் பணியாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயரழைத்து வேலை பகிர்ந்தளிக்கும் நிகழ்வே பெரட்டு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போன தந்தை, அத்திருத்தத்தால் புரட்டுக்குப் போனவராகிவிட்டார். அம்மூத்த ஆசிரியர் திரையைப் பார்த்து, “எங்கப்பாவும் அந்தப் பெரட்டுலதான் நின்னாரு, ஐயா. அதைக் கெடுத்துடாதீங்க” என்றார்.

அந்த இளைஞரைக் குறைகூற இயலாது. அவர் பிரிக்பீல்ட்சு அடுக்குமாடியில் வளர்ந்தவர். அச்சொல்லை அவருக்கு எடுத்துச்சொல்ல எவரும் வாய்க்கவில்லை. அம்மூத்த ஆசிரியர் அன்று உடனில்லாதிருந்தால் பிழை நிலைபெற்றிருக்கும், மின்வடிவில் பரவியிருக்கும், ‘பெரட்டு’ எனத் தேடும் ஆய்வாளருக்கு அக்கட்டுரை அகப்படாமலே போயிருக்கும்.

அகப்படாதது இல்லாததாகிவிடும் நிலை

இங்குதான் சிக்கலின் முழுப் பரிமாணமும் தெரிகிறது. முன்னாளில் ஓர் ஆய்வாளர் தமக்கு ஒரு நூல் கிடைக்கவில்லையெனில், அது கிடைக்கவில்லை என்பதை அறிந்திருந்தார். இன்று தேடுபொறியில் எதுவும் வராவிடின், அப்பொருளைப் பற்றி எவரும் எழுதவில்லை என்னும் முடிவுக்கு வந்துவிடுகிறார். தரவில் இல்லாமை வரலாற்றில் இல்லாமையாகத் திரிகிறது.

பேரளவு மொழி மாதிரிகள் எனப்படும் இன்றைய செய்யறிவுக் கருவிகள் இந்நிலையை மேலும் கடுமையாக்குகின்றன. மின்வடிவிலுள்ள எழுத்துகளையே அவை பயில்கின்றன. தமிழகத்து எழுத்துகளை மிகுதியாகப் பயின்ற கருவி, கங்காணி, கிராணி, பால்வெட்டு, பெரட்டு முதலிய சொற்கள் நிறைந்த நம் நடையைப் பிழையென்றோ அரிதென்றோ கொள்ள வாய்ப்புண்டு. வானியல் திட்டத்தில் பொதுமக்கள் செய்த வகைப்பாடுகளே பின்னர்க் கணினிக்குப் பயிற்சித் தரவாயின. அதுபோல, இன்று நாம் மெய்ப்புப் பார்த்துத் தரும் ஒவ்வொரு பக்கமும் நாளைய கருவிக்குப் பாடமாகும். தராது விடும் ஒவ்வொரு பக்கமும் அதன் அறியாமையாகும்.

அண்டை நாடுகளின் முயற்சிகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதன் வடு ஆறாத ஈழத்தமிழர், 2005ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கித் தன்னார்வலர் உழைப்பால் வளர்த்துள்ளனர். சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், அந்நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் 350 அளவிலான இலக்கிய நூல்களை மின்வடிவில் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தது. நம் நாட்டிலோ, 1924ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஏறத்தாழ நூறாண்டுக் காலச் செய்திகளும் கதைகளும் வாசகர் மடல்களும் அதனுள் அடங்கியுள்ளன. அவற்றுள் ஒரு சொல்லைத் தேட விரும்பும் மாணவருக்கு நாம் எவ்வழியைக் காட்டுவது?

ஆசிரியர்கள் ஆற்றக்கூடிய பணி

இப்பணிக்கு மிகவும் தகுதியுடையோர் தமிழாசிரியர்களே என்பது நம் துணிபு. மாணவர் கட்டுரையில் பிழையையும் வழக்கையும் வேறுபடுத்திக் காண்பது அவர்களுடைய அன்றாடத் தொழில். எழுத்துணரிக்கு இல்லாத திறன் இதுவே. நடைமுறைக்குரிய சில வழிகளை இங்குத் தொகுத்துரைக்கலாம்.

முதற்கண், திரட்டுதல். பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் திருப்பணி மலர்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள், நாடக அழைப்பிதழ்கள் ஆகியன நூலகங்களுக்கு வாரா, இல்லங்களில்தாம் இருக்கும். பிரிக்பீல்ட்சில் தொடர்வண்டித் துறைக் குடும்பங்களிடமும், கிள்ளானில் துறைமுக, தோட்டக் குடும்பங்களிடமும் அவை எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பக்கம் வளையாமல் படமெடுத்தால் போதுமானது. எவரிடமிருந்து, எந்நாளில், எவ்விடத்தில் பெறப்பட்டது என்னும் குறிப்பினைப் படத்தோடு சேர்த்து வைத்தல் இன்றியமையாதது. குறிப்பில்லாத படம் ஆய்வுக்கு உதவாது.

இரண்டாவதாக, இருவர் சரிபார்த்தல். தமிழ் விக்கிமூலத்தின் முறை இதற்குச் சிறந்த மாதிரி. அங்கு மூலப்பக்கத்தின் படமும் எழுத்துணரி தந்த பாடமும் அருகருகே தோன்றும். சரிபார்க்கப்படாத பக்கம் சிவப்பு நிறம் பெறும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தபின் மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் ஒப்புநோக்கிய பின்னரே பச்சையாகும். ஒருவரே இரு படிகளையும் கடக்க இயலாது. நாம் கண்ட ‘புரட்டு’ இத்தகைய முறையில் மஞ்சள் நிலையிலேயே பிடிபட வாய்ப்புண்டு, இரண்டாமவர் தோட்டம் அறிந்தவராக இருப்பின். எனவே, ஒவ்வொரு பக்கத்திற்கும் கணினி அறிந்த இளையவர் ஒருவரும் வழக்கறிந்த மூத்தவர் ஒருவரும் இணைவது நம் சூழலுக்கு ஏற்றது.

மூன்றாவதாக, உரிமை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பாளர் வாழ்நாளிலும் அவர் மறைந்தபின் ஐம்பதாண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. ஆகவே, அண்மைக்கால எழுத்துகளைப் பொதுவில் வைக்குமுன் படைப்பாளரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்துவழி இசைவு பெறுதல் வேண்டும். நல்லெண்ணம் இசைவுக்கு ஈடாகாது.

நான்காவதாக, சிறப்புச் செய்தல். ஆய்வாளர் கட்டுரை எழுதிப் பட்டமும் பதவியும் பெற, தரவைத் தந்தவரும் திருத்தியவரும் ‘நண்பர்கள் சிலர்’ என்னும் சொல்லில் மறைந்துபோவது முறையன்று. மதுரைத் திட்டம் காட்டிய வழியில், அவர்தம் விருப்பறிந்து பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தாராகிய நாம் இதில் தவறியதுண்டு என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

முடிவுரை

கணினிக் கருவிகள் ஆய்வாளரின் உழைப்பைக் குறைத்துவிட்டன என்பது பாதி உண்மையே. தேடும் உழைப்பு குறைந்தது. சரிபார்க்கும் பொறுப்பு மிகுந்தது. பொதுமக்கள் பங்கேற்பால் ஆய்வின் தரம் தாழும் என்னும் அச்சமும் அவ்வாறே பாதி உண்மையுடையது. ஒருவர் கூற்றை மற்றொருவர் சோதிக்கும் ஒழுங்கு இருக்குமாயின் தரம் தாழாது. சில வேளைகளில் வல்லுநர் காணாததையும் பொதுமக்கள் காண்பர். நெதர்லாந்து ஆசிரியை வானத்தில் கண்டதும், கிள்ளான் ஆசிரியர் ஒரு சொல்லில் கண்டதும் இதற்குச் சான்றாகும்.

நம்முன் உள்ள காலம் குறுகியது. செல்லரிக்கும் தாளுக்கேனும் படி இருக்கலாம். பெரட்டில் நின்றவர்களின் பிள்ளைகள் மறைந்தபின், அச்சொல்லின் பொருளைச் சொல்ல எந்தக் கருவியும் உதவாது. இந்தப் பள்ளி விடுமுறையில் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தின் ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும். அக்கிள்ளான் ஆசிரியரின் டின்னில் இன்னும் படமெடுக்கப்படாத மலர்கள் உள்ளன. அடுத்த திங்களில் நாம் மீண்டும் அங்குச் செல்லவிருக்கிறோம். அவ்விளைஞரும் உடன் வருவதாகக் கூறியுள்ளார்.